அவுட்போர்டு எஞ்சினுக்கு எந்த ஆயில்? வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினின் ஆயில் பற்றியே கேள்விகள் அதிகம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். அளவோ மணிக்கணக்கோ, உங்கள் எஞ்சினோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருக்கிறேன். தென்கடலில் (மன்னார் வளைகுடா) நண்டு வலைக்குப் போகிறோம். பெட்ரோல் பங்கில் பைக்குக்கு விற்கும் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைத்தான் இதுவரை கலந்து வருகிறோம். படகுக்குத் தனி ஆயில் இருக்கிறது, விலை கூட என்கிறார் கடைக்காரர். டூடி என்றால் எல்லாம் ஒன்றுதானே?
– வாசகர், பாம்பன்

ஒன்று இல்லை. கடைக்காரர் சொன்னது சரி. பெயரைப் பார்க்காமல் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். படகு ஆயில் என்றால் 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருக்கும். இது அமெரிக்கப் படகுத் தொழில் சங்கமான என்எம்எம்ஏ கொடுக்கும் தரச்சான்று. முறைப்படி சான்று வாங்கிய ஆயிலில் 'ஆர்எல்' என்று தொடங்கும் ஒரு பதிவெண்ணும் இருக்கும். பைக் ஆயிலில் 'ஜேஏஎஸ்ஓ எஃப்சி', 'எஃப்டி' அல்லது 'ஏபிஐ டிசி' என்று இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் 'டிசி' வேறு, 'டிசி-டபிள்யூ3' வேறு.

பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, சூடு அதிகம். அந்தச் சூட்டில் பிஸ்டன் சுத்தமாக இருப்பதற்காகக் கால்சியம் போன்ற உலோகம் கலந்த சுத்திகரிப்பு மருந்தை அந்த ஆயிலில் சேர்க்கிறார்கள். அது எரிந்தால் கொஞ்சம் சாம்பல் மிஞ்சும். பைக் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதில்லை, அதனால் பெரிய தொல்லை வராது. அவுட்போர்டு கடல் தண்ணீரை இழுத்துக் குளிர்கிறது. அதே சமயம் கரையிலிருந்து வலை போடும் இடம் வரை முழு த்ராட்டிலில் ஒரே பாரத்தில் இழுக்கிறது. அப்படி ஓடும்போது சாம்பல் பிளக் முனையிலும் பிஸ்டன் தலையிலும் படியும். படிந்த சாம்பல் கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வரும் எஞ்சின்களில் இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) குறையும். கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் வேகம் எடுக்காது.

டிசி-டபிள்யூ3 ஆயிலில் சாம்பல் தரும் உலோக மருந்து கிடையாது. உப்புக்காற்றில் நிற்கும் எஞ்சினுக்குள் பேரிங்கும் கிரான்க்கும் துருப்பிடிக்காதபடி காக்கும் குணத்தையும், கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் கூழாகி ஃபில்டரை அடைக்காத குணத்தையும் சோதித்த பிறகே அந்தச் சான்றைத் தருகிறார்கள். பைக் ஆயிலுக்கு இந்தச் சோதனைகள் இல்லை.

நிறத்தை நம்பாதீர்கள். நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் சாயம்தான். கம்பெனிப் பெயரை மட்டும் நம்பினாலும் போதாது. யமலூப் என்ற ஒரே பெயரில் பைக் ஆயிலும் வருகிறது, படகு ஆயிலும் வருகிறது. டப்பா மேல் உள்ள எழுத்துதான் கணக்கு. பாட்டிலில் உதிரியாக ஊற்றிக் கொடுக்கும் ஆயில் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்க வேண்டாம். மூடிக்கு அடியில் உள்ள சீல் உடையாமல் இருக்கட்டும், பில் கேட்டு வாங்குங்கள்.

அவசரத்துக்கு ஒருநாள் பைக் ஆயிலைக் கலந்து கரை வந்து சேர்ந்தால் எஞ்சின் செத்துவிடாது. அதையே வழக்கமாக்கினால்தான் கெடுதல். ஒன்றை மட்டும் ஒருநாள்கூடச் செய்யாதீர்கள்: வள்ளத்து டீசல் எஞ்சினுக்கு வாங்கிய நாற்பதாம் நம்பர் ஆயிலையோ, வடித்தெடுத்த பழைய ஆயிலையோ கலக்காதீர்கள். அது எரிபொருளில் சரியாகக் கரையாமல் கேனின் அடியில் தங்கும். பிறகு ஆயில் இல்லாத வெறும் எரிபொருளில் எஞ்சின் ஓடும்.

ஆயில் கொஞ்சம் கூடப் போட்டால் எஞ்சின் நீடித்து உழைக்கும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். நாங்கள் டப்பா மூடியில் கணக்கு வைத்து ஊற்றுகிறோம். சரியான அளவு என்ன?
– வாசகர், தங்கச்சிமடம்

இன்று ஓடும் பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு 50:1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 10 லிட்டருக்கு 200 மில்லி, 20 லிட்டருக்கு 400 மில்லி, 35 லிட்டர் கேனுக்கு 700 மில்லி. மூடிக் கணக்கு ஆகாது. டப்பாவுக்கு டப்பா மூடியின் அளவு மாறும், ஆடும் படகில் ஊற்றும்போது சிந்தவும் செய்யும். மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்று வாங்கி ஆயிலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக ஊற்றுவதில் லாபம் இல்லை. பிளக் நனைந்து கருக்கும், புகை கூடும், சைலன்சர் பாதையில் கரி அடைக்கும். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் எரிபொருள் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. காற்று அதே அளவு, எரிபொருள் குறைவு என்றால் சிலிண்டர் சூடு ஏறும். குறைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விச் சீஸ் ஆகி நிற்கும்.

கூடுதல் ஆயில் வேண்டியது புது எஞ்சினுக்கும், சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) பிஸ்டன் மாற்றிய எஞ்சினுக்கும்தான். பல கம்பெனிகள் முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு 25:1 கேட்கின்றன, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. அந்த நேரத்தில் ஓட்டும் விதமும் முக்கியம். முதல் மணி நேரம் பாதி த்ராட்டிலைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது மணியில் முக்கால் வரை போகலாம். மீதி நேரத்தில் முழு த்ராட்டில் கொடுத்தாலும் 5 நிமிடத்துக்கு மேல் பிடிக்காமல் விட்டுக் கொடுங்கள். 10 மணி முடிந்ததும் 50:1க்கு மாறிவிடுங்கள். மாற மறந்து மாதக்கணக்கில் 25:1ல் ஓட்டி, பிளக் பிளக்காக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கலக்கும் முறை இது. காலி கேனில் முதலில் இரண்டு மூன்று லிட்டர் எரிபொருளை ஊற்றுங்கள். அளந்த ஆயிலை அதில் விட்டு, மூடி போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பிறகு மீதி எரிபொருளை நிரப்பி இன்னொரு முறை குலுக்குங்கள். நிறைந்த கேனில் ஆயிலை ஊற்றினால் அது அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கரையில் கலந்து கொண்டுபோவதே நல்லது.

ஆயிலுக்குத் தனித் தொட்டி உள்ள எஞ்சின் என்றால் அதுவே கலந்துகொள்ளும். எரிபொருளிலும் ஆயில் சேர்க்க வேண்டியதில்லை, கையேடு கேட்டால் ஒழிய.

மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மண்ணெண்ணெயில் ஆயில் கலக்கிறோம், ஸ்டார்ட் பண்ணும் பெட்ரோலிலும் கலக்க வேண்டுமா?
– வாசகர், மண்டபம்

கட்டாயம் கலக்க வேண்டும். கேட்டது நல்லதாகப் போயிற்று, கரையில் நிறையப் பேர் இதில் தவறுகிறார்கள். ஸ்டார்ட் செய்யத்தானே, அரை லிட்டர்தானே என்று சின்ன டப்பாவில் வெறும் பெட்ரோலை வைத்திருப்பார்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் உள்ளே ஒட்டியிருக்கும் ஆயில் படலம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் வெறும் பெட்ரோல் உள்ளே போனால் மிச்சம் இருப்பதையும் கழுவிவிடும். கிரான்க் பேரிங்கும் கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கும் தினமும் காலையில் சில நிமிடம் காய்ந்து ஓடும். பல மாதம் கழித்து அடியில் 'கடகட' சத்தம் வரும்போது காரணம் யாருக்கும் தெரியாது. சின்ன டப்பாவிலும் லிட்டருக்கு 20 மில்லி என்ற அதே கணக்குதான். கையேட்டில் மண்ணெண்ணெய்க்குத் தனி அளவு போட்டிருந்தால் பெரிய தொட்டிக்கு அதைப் பின்பற்றுங்கள்.

கரைக்கு வரும்போது எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. கயிறு இழுத்துத் தோள்தான் வலிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கிரான்க் அறையில் இறங்கி ஆயிலைக் கழுவவும் செய்யும்.

மண்ணெண்ணெயில் கரி அதிகம் சேரும். அதனால் பெட்ரோலில் மட்டும் ஓடும் எஞ்சினைவிட அடிக்கடி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கருப்பாக நனைந்திருந்தால் ஆயில் கூடுதல், அல்லது எஞ்சின் சூடாவதற்கு முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். வெள்ளையாக வெந்திருந்தால் உடனே நிறுத்தி, தண்ணீர் ஓட்டத்தையும் கலவையையும் சோதியுங்கள். பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் மானிய மண்ணெண்ணெய் கிடைக்கிறதே என்று ஊற்றக் கூடாது. அதன் கம்ப்ரஷன் மண்ணெண்ணெய்க்கு அதிகம். தட்டித் தட்டி பிஸ்டன் உடையும்.

புதிதாக ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கியிருக்கிறோம். வீட்டில் வள்ளத்து எஞ்சினுக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பாதி டின் இருக்கிறது. பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40யும் இருக்கிறது. எதை ஊற்றலாம்?
– வாசகர், தொண்டி

இரண்டுமே வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலை எரிபொருளில் கலப்பதில்லை, எஞ்சினுக்குள் தனியாக ஊற்றுகிறோம். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு 'எஃப்சி-டபிள்யூ' என்ற சான்று உள்ள ஆயிலைக் கேளுங்கள். இதுவும் என்எம்எம்ஏ சான்றுதான். 10டபிள்யூ-30 பரவலாகக் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு 10டபிள்யூ-40யும் பல கையேடுகளில் உண்டு. 'டபிள்யூ'வுக்கு முன் உள்ள எண், ஆயில் குளிர்ந்திருக்கும்போது எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ள எண், சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. அந்த எண்கள் பொருந்தினால் மட்டும் போதாது. துருத் தடுப்பும், அதிக சுழற்சியில் ஆயில் மெலிந்துபோகாத குணமும் எஃப்சி-டபிள்யூ சான்றில்தான் சோதிக்கப்படுகின்றன. பைக் ஆயிலை ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்காதபடி செய்கிறார்கள். அவுட்போர்டில் அந்தக் கிளட்சே கிடையாது. டீசல் ஆயிலில் புகைக்கரியைச் சமாளிக்க அதிக மருந்து உண்டு, அது பெட்ரோல் எஞ்சினில் சாம்பலாகப் படியும். கடலில் ஆயில் குறைந்துவிட்டது, வேறு வழியே இல்லை என்றால் காய்ந்த எஞ்சினை ஓட்டுவதைவிட கையில் இருக்கும் ஆயிலை ஊற்றி வருவது மேல். கரைக்கு வந்ததும் வடித்துவிட்டு சரியானதை ஊற்றுங்கள்.

முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில். புது எஞ்சினில் தேய்ந்துவரும் இரும்புத்தூள் அதோடு வெளியேற வேண்டும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. தினமும் 5 மணி நேரம் ஓட்டுபவருக்கு 100 மணி என்பது 20 நாள். இந்தக் கணக்கைச் சொன்னால் பலர் திகைக்கிறார்கள். கடல் தொழில் செய்பவருக்கு மாதக் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான். படகின் பலகையில் சாக்பீஸால் ஒவ்வொரு நாளும் கோடு போட்டாலும் போதும்.

அளவுக் குச்சியைப் பார்க்கும்போது எஞ்சின் செங்குத்தாக இருக்க வேண்டும். மணலில் ஏற்றி, எஞ்சினைத் தூக்கி வைத்த நிலையில் பார்த்தால் தப்பாகக் காட்டும். இறக்கி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. இது எப்படி?
– வாசகர், ஏர்வாடி

கூடுவது ஆயில் இல்லை, பெட்ரோல்தான். வலை வளைக்கும்போது மணிக்கணக்கில் மெதுவாக ஓடும் எஞ்சின் சூடேறுவதில்லை. குளிர்ந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்குகிறது. எஞ்சின் சூடாகிறது என்று யாராவது தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றிப் போட்டிருந்தால் இது இரண்டு மடங்காகும். முதலில் அதைப் பாருங்கள். கழற்றியிருந்தால் புதிதாகப் போடுங்கள்.

மெல்லிய ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. மேல் கோட்டைத் தாண்டிய ஆயிலைக் கிரான்க் அடித்து நுரையாக்கும். அதனால் கொஞ்சம் வடித்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காமல் முழுக்க மாற்றுங்கள். பிறகு கரைக்குத் திரும்பும்போது தினமும் 10, 15 நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். ஆயில் சூடேறினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். அதற்குப் பிறகும் மட்டம் ஏறினால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். சின்ன எஞ்சின்களில் பம்ப் சிலிண்டர் தலை மூடியில் இருக்கிறது. கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் போகும். அது மெக்கானிக் வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

கியர் ஆயில் பால் போல் வெளுத்துவிட்டது. மாற்றினேன், இரண்டு வாரத்தில் திரும்பவும் அப்படியே.
– வாசகர், தேவிபட்டினம்

எஞ்சினின் அடியில் உள்ள கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது. நீங்கள் மாற்றியது ஆயிலை, வழியை அடைக்கவில்லை. காத்தாடியை (புரொப்பல்லர்) கழற்றி ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். வலை நரம்பு (நைலான் இழை) சுற்றியிருந்தால் அதுதான் காரணம். காத்தாடிக்குப் பின்னால் நுழையும் நரம்பு சுழலச் சுழல சூடாகி, கத்தி மாதிரி சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே சில சுற்று நரம்புதான் தெரியும், உள்ளே அதைவிட அதிகம் இறுகியிருக்கும். சீலை மாற்றியாக வேண்டும். மாதம் ஒருமுறை காத்தாடியைக் கழற்றி நரம்பை எடுத்து, ஷாஃப்டுக்குக் கிரீஸ் தடவிப் போட்டால் சீல் பல காலம் வரும். நரம்பே இல்லையென்றால் கியர் ஆயில் வடிக்கும் ஸ்குரூக்களின் வாஷர்களைப் பாருங்கள். நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போட்டாலும் தண்ணீர் புகும்.

ஊற்ற வேண்டியது எஸ்ஏஇ 90 ஹைப்பாய்டு கியர் ஆயில். ஜிஎல்-4 வேண்டுமா ஜிஎல்-5 வேண்டுமா என்பது கையேட்டில் இருக்கும். லாரியின் பின் அச்சுக் கியருக்கு (கிரவுன்) ஊற்றும் 90ம் இதே கெட்டிதான். ஆனால் படகு கியர் ஆயிலில் துருத் தடுப்பு மருந்து கூடுதல், கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் பல்லைக் காக்கும். எஞ்சின் ஆயிலைக் கியருக்கு ஊற்றவே கூடாது.

எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி, முதலில் கீழ் ஸ்குரூ, பிறகு மேல் ஸ்குரூ என்று கழற்றி முழுக்க வடிய விடுங்கள். வடிந்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல மினுமினுப்பு இருந்தால் வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பல் உடைகிறது. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டி, நிறைந்தது போலக் காட்டும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூவைப் பூட்டுங்கள். பிறகு குழாயை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழ் ஸ்குரூவைப் பூட்டுங்கள். இரண்டுக்கும் புது வாஷர்.

வாடைக் காலத்தில் வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) போக முடியாமல் எஞ்சின் வாரக்கணக்கில் நிற்கிறது. கலந்த பெட்ரோலை அப்படியே வைக்கலாமா?
– வாசகர், சோளியக்குடி

வைக்க வேண்டாம். முன்பைவிட இப்போது இது முக்கியம். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அவுட்போர்டு கம்பெனிகள் பெரும்பாலும் 10 விழுக்காடு வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எரிபொருள் குழாய் அடியில்தான் உறிஞ்சுகிறது. ஆயிலே இல்லாத திரவம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் போனால் அங்கேயே சீஸ் ஆகும்.

இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். நின்ற கேனைத் திரும்ப எடுக்கும்போது அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் குலுக்கினாலும் பயனில்லை, அதை எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். எரிபொருள் குழாயில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருப்பது நல்லது. ரப்பர் குழாயும் கைப் பம்ப்பும் உப்பியோ கொழகொழத்தோ இருந்தால் மாற்றுங்கள்.

நிறுத்தி வைக்கும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, கார்புரேட்டரில் உள்ளதை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, நிறுத்தும் கயிற்றை உருவிவிட்டு ஸ்டார்ட்டரை நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். பிளக்கைத் திரும்பப் போட்டு, எஞ்சினைச் செங்குத்தாக வையுங்கள்.

மாற்றிய பழைய ஆயிலை வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிறார்கள் எங்கள் ஊரில். செய்யலாமா?
– வாசகி, மூக்கையூர்

செய்யாதீர்கள் அம்மா. பலகையில் அது நிற்காது, கழுவப்பட்டுக் கடலில் போய்ச் சேரும். உங்கள் ஊருக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் கடல். 1986ல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. பவளமும் கடல்புல்லும் மீன்குஞ்சும் வளர்வது அங்கேதான். பழைய ஆயில் தோலுக்கும் கெடுதல், வெறுங்கையால் தொட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள்.

இரண்டு கம்பெனியின் டிசி-டபிள்யூ3 ஆயிலைச் சேர்த்து ஊற்றலாமா?
– வாசகர், கீழக்கரை

ஊற்றலாம்.